துணைநாடி

"நாய் மட்டும் தங்குற மாதிரி ஏதாச்சும் எடம் இருக்குங்களா டாக்டர்?"

"ஏன், ஊருக்குப் போறீங்களா?"

"இல்லீங்க. சும்மா. தெரிஞ்சு வெச்சுக்கலாம்னு."

"நாய் ஹாஸ்டல் நெறைய இருக்குங்களே. காளப்பட்டி ரோட்டுலயே இருக்கு."

"அங்க நாய்கூட ஒரு ஆள் தங்கலாங்களா?"

"மனுஷங்களுக்கு ரூம் தர மாட்டாங்கம்மா. தந்தாலும் அந்தச் சாப்பாடு உங்களுக்குப் புடிக்காது!"

இருவரும் சிரித்தார்கள்.

அது நடந்து ஆறு மாதம் இருக்கும். முன்னங்கால் முறிந்த ஒரு நாட்டு நாய்க்குக் கட்டுப் போட்டுவிட்டு, கை கழுவியபடியே டாக்டர் இளவேனி சொன்ன பதில் அது. கேட்டவள் சிந்துஜா. நாயின் பெயர் முறுக்கு. அதன் வால் அப்படிச் சுருண்டிருக்கும். சிரித்து முடித்ததும் சிந்துஜா நாயைத் தூக்கிக்கொண்டு, "வர்றனுங்க" என்று போய்விட்டாள். நாள் முழுக்க யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும் இடத்தில் அந்தக் கேள்வி இளவேனியின் மனதில் தங்கவில்லை.

இன்று மதியம் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு சிந்துஜா உள்ளே வந்தபோது, ஒரு சொல் விடாமல் அது திரும்ப நினைவுக்கு வந்தது. ஏன் என்று யோசிக்க நேரமில்லை. சிந்துஜாவின் கையில் போர்வைக்குள் முறுக்கு கிடந்தது. வாய் திறந்து, ஈறு நீலம் பாரித்து, வயிற்றால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"மாடிப்படியில உருண்டுட்டானுங்க டாக்டர்," என்றான் பின்னால் வந்த அவள் கணவன் பூபேஷ். "எத்தன தடவ சொல்லிருக்கேன், கேட்டைச் சாத்துன்னு. இவளுக்கு மறதிங்க. பாவம், வேணும்னா செய்றா?"

மென்மையான குரல். இஸ்திரி கலையாத சட்டை. வந்த வேகத்திலும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

டெக்னீஷியன் ரோஸலின் ஆக்ஸிஜன் குழாயை நாயின் மூக்கருகே பிடித்தாள். இளவேனி ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தினாள்.

"உள்ள கிழிஞ்சிருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணணும். அதுக்கப்புறம் இதயத்துக்குத் துணை வைக்க வேண்டி வரலாம். அதுக்கு முன்னாடியே ஆளைப் பார்த்துக்கணும். ரோஸி, பட்டை எடு."

துணைநாடி வந்த பிறகு நாய், பூனைகளின் அவசரசிகிச்சையே மாறிப்போயிருந்தது. அடிபட்ட பிராணிகள் பல காயத்தால் சாவதில்லை; காயத்துக்குப் பின் இதயம் தறிகெட்டு ஓடி, ஓடியே சாகும். மருந்து ஓரளவுக்குத்தான் கேட்கும். அந்த நேரத்தில் அதற்குப் பழக்கமான ஒரு மனிதரின் நாடித் துடிப்பை எடுத்து, பிராணியின் கழுத்து நரம்பில் மெல்லிய தட்டல்களாகக் கொடுத்தால், ஓடும் இதயம் மெதுவாக அந்த நடைக்கு இறங்கி வந்தது. வேற்று ஆள் உதவாது. செயற்கைத் துடிப்பும் உதவாது. ஏன் என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்தவர்களாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் யார் என்பதைப் பிராணிதான் தேர்ந்தெடுக்கும். கழுத்தில் பட்டையைக் கட்டிவிட்டு ஒவ்வொருவராக மூக்கருகே கையை நீட்டச் சொல்வார்கள். யார் கைக்கு நாடி இறங்குகிறதோ அவர் துணை.

இதில் நடந்த சண்டைகள் கொஞ்சமா! சிங்காநல்லூரிலிருந்து வந்த ஒரு பூனை, எட்டு வருடம் மடியில் வைத்து வளர்த்த அம்மாளை விட்டுவிட்டு அவர்கள் வீட்டுக் கார் டிரைவரைத் தேர்ந்தெடுத்தது. அந்த அம்மாள் டிரைவரை வேலையை விட்டே நிறுத்திவிட்டார். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, நாய் மாமியாரைத் தேர்ந்தெடுத்ததில் தொடங்கி, பழைய கதையெல்லாம் கிளறி வராந்தாவிலேயே தனித்தனியாக ஆட்டோ பிடித்துப் போனது. அதிலிருந்து இந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். யாரைத் தேர்ந்தெடுத்தது என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. "உங்க மணிக்கட்டு அளவு பொருந்துது, நீங்க உக்காருங்க" என்பார்கள்.

"எங்க வீட்டுப் பூனை கண்டிப்பா என் மாமியாரைத்தான் எடுக்கும். எனக்கு ஒரு வேலை மிச்சம்," என்பாள் ரோஸலின்.

சிந்துஜா கையை நீட்டினாள். கருவியின் டக், டக் ஒலி வேகம் எடுத்தது. முறுக்கின் வால் நுனி லேசாக அசைந்தது.

பூபேஷ் நீட்டினான். ஒலி சட்டென்று இறங்கியது. ஒரே சீராக, மிக மெதுவாக. நாய் அசையவில்லை, கண்கூட இமைக்கவில்லை. கருவியில் பச்சை விளக்கு எரிந்தது.

ரோஸலின் புருவத்தை உயர்த்தி இளவேனியைப் பார்த்தாள். ஒரு பிராணி இவ்வளவு தெளிவாக ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவர்கள் இருவரும் பார்த்ததில்லை.

"உங்க மணிக்கட்டு அளவு பொருந்துதுங்க," என்றாள் இளவேனி பூபேஷிடம்.

"அய்யோ, எனக்கு இந்த வயர், ஊசியெல்லாம் ஆகாதுங்க. பார்த்தாலே மயக்கம் வந்துரும்." சங்கடமாகச் சிரித்தான். "அவளே உக்காரட்டும். அவ செல்லம்தானே அது."

சிந்துஜா தலையாட்டினாள். வந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. இங்கே வருபவர்கள் பாதிப் பேர் பேசுவதில்லை.

*

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரை கிழிந்து, ஈரல் மேலே ஏறி நுரையீரலை நெருக்கிக்கொண்டிருந்தது. இளவேனி அதைக் கீழே இறக்கித் தைத்தாள். விலா எலும்பு ஒன்று புதிதாக முறிந்திருந்தது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று, எப்போதோ முறிந்து தானாகக் கூடி, முடிச்சு விழுந்ததுபோல மேடிட்டிருந்தது. அவள் விரல் அந்த மேட்டில் ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்தது. ரத்தம் கசியும்போது பழைய எலும்பைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

வெளியே வந்தபோது வரவேற்பறை மேசையில் தேநீரும் ஒரு பெட்டி பிஸ்கட்டும் இருந்தன.

"அந்த சார் எல்லாருக்கும் வாங்கிட்டு வந்தாருங்க மேடம்," என்றாள் ரோஸலின். "தங்கமான மனுஷன். எங்க வீட்லயும்தான் ஒண்ணு இருக்கு, தனக்கே டீ போட்டுக்கத் தெரியாது."

முறுக்கின் இதயம் எதிர்பார்த்தபடியே தறிகெட்டது. மருந்து ஏற்றினார்கள். சற்று அடங்கி, மறுபடி எகிறியது. இளவேனி கணவன் மனைவி இருவரையும் துணையறை வாசலுக்கு அழைத்தாள்.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ஆனா அடி இதயத்துலயும் பட்டிருக்கு. இப்ப துணை வெச்சாத்தான் தாங்கும். சிந்துஜா, உங்க கையில ஒரு பட்டை, அதோட கழுத்துல ஒரு பட்டை. உங்க நாடி அதுக்குப் போகும். அதோட துடிப்பு உங்களுக்கு வரும். ஆரம்பத்துல ரொம்ப பயமா இருக்கும். நெஞ்சு அடிச்சுக்கும், எந்திரிச்சு ஓடணும்னு தோணும். அப்ப ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. அது உங்க பயம் இல்ல, நாயோட பயம். கடந்து போயிரும்."

எல்லாத் துணைகளிடமும் சொல்லும் வாசகம் அது. அதைக் கேட்டதும் பலருக்கும் முகம் தெளியும். சிந்துஜாவின் முகம் தெளியவில்லை. அவள் அந்த வாசகத்தை உதட்டுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

"அவளுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?" என்று பூபேஷ் கேட்டான்.

"ரெண்டு துடிப்பும் ரொம்ப விலகிப் போச்சுன்னா நாங்களே கழட்டிருவோம். இணைப்புல இருக்கும்போது நாயோட இதயம் நின்னா துணைக்கும் அது தாக்கும். அதனால முடிஞ்சப்புறம் அவங்களும் மாடி ரூம்ல தங்கித்தான் ஆகணும். நாயும் அதே ரூம்ல இருக்கும்."

"தங்கணுமா? வீட்ல?" அவன் குரல் மாறவில்லை. "வீட்ல வேலை கெடக்குதுங்களே."

"தங்கித்தான் ஆகணும். இன்னொண்ணு. இணைப்பு இருக்குற வரைக்கும் இந்த ரூம்ல துணையோட பேச்சுதான் செல்லும். டாக்டர் பேச்சோ, நாய்க்கு லைசென்ஸ் வெச்சிருக்கிறவங்க பேச்சோ இல்ல. யார் உள்ள இருக்கணும், யார் வேண்டாம், தண்ணி வேணுமா, நிறுத்தணுமா, எல்லாமே. ஆனா நீங்களா வாய்விட்டுச் சொல்லணும், சிந்துஜா. நாங்க எடுத்துக் கொடுத்தா அதுலயே உங்க நாடி மாறிரும். அதனால நாங்க கேக்க மாட்டோம்."

பூபேஷ் சிரித்தான். "இவளா? இவ ஒரு டீ வேணும்னுகூட வாயத் தொறந்து கேக்க மாட்டாளுங்க."

*

துணையறையில் ஒரு சாய்வு நாற்காலி, அதன் அருகே நாயின் கட்டில், எதிரே பெரிய கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் குடும்பத்தார் உட்காரும் இருக்கை. வீட்டு ஆட்கள் எல்லாரும் கண்ணில் படும்படி இருந்தால் துணையின் மனம் அடங்கும் என்பது இவர்கள் அனுபவம். பூபேஷை நேர் எதிரே உட்காரவைத்தார்கள்.

முறுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வாயில் மூச்சுக்குழாய். வென்டிலேட்டர் அதற்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சிந்துஜா ஒரு கையில் பட்டையும் மறு கையில் நாயின் காதுமாக உட்கார்ந்திருந்தாள்.

ரோஸலின் இணைப்பைக் கொடுத்தாள்.

அறைக்குள் இரண்டு தட்டல்கள் கேட்டன. கனமான தட்டல் மனிதருடையது. மெல்லிய தட்டல் நாயுடையது. ஒரே மாடிப்படியில் இரண்டு பேர் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதுபோல இருக்கும் முதலில். நேரம் போகப் போக மெல்லியது தயங்கி, காத்திருந்து, கனமானதோடு சேர்ந்துகொள்ளும். இரண்டும் ஒன்றாகிவிட்டால் ஒரே ஒரு ஆள் நிதானமாகப் படியிறங்குவதுபோலக் கேட்கும். அந்த ஒலிக்காகத்தான் இளவேனி இந்த வேலையை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கே அது நடக்கவில்லை. இரண்டு தட்டல்களும் ஏறின.

"அது உங்க பயம் இல்ல, சிந்துஜா. நாயோட பயம்."

"ம்."

"மூச்சை மெதுவா விடுங்க."

சிந்துஜாவின் நெற்றியில் வியர்வை அரும்பியது. அவள் முயன்றாள், முயல்வது தெரிந்தது. கண்ணை மூடி, நாயின் காதை விரலால் நீவினாள். தட்டல்கள் கொஞ்சம் இறங்கின. மெல்லியது கனமானதை நோக்கிச் சாய்ந்தது.

கண்ணாடிக்கு அப்பால் பூபேஷ் போன் பேசுவதற்காக எழுந்தான்.

இரண்டும் எகிறின.

ரோஸலின் மருந்தைக் கூட்டினாள். அவன் பேசிவிட்டு வந்து உட்கார்ந்தான். மறுபடி எகிறின. அவன் கண்ணாடியருகே வந்து, சிந்துஜாவைப் பார்த்து, வாயசைத்து, "பயப்படாத" என்றான். முறுக்கின் இதயம் ஒரு துடிப்பை விட்டுவிட்டு, அடுத்ததை இரண்டாகத் துடித்தது.

"மேடம், இது சேராது," என்று ரோஸலின் இளவேனியின் காதருகே சொன்னாள். "நாய் அவரைத்தானே எடுத்துச்சு? இவங்களை உக்காரவெச்சதே தப்பு. அவரைத் தேடுது பாருங்க. அவர் எந்திரிச்சாலே துடிக்குது."

இளவேனிக்கும் அதுதான் தோன்றியது. பச்சை விளக்கு இதுவரை பொய் சொன்னதில்லை. நாய் ஒருவரை நாடுகிறது, அவர் கண்ணாடிக்கு வெளியே இருக்கிறார். அப்படியானால், துணை வேண்டாம் என்று சொல்லாதவரை, அவரை உள்ளே கொண்டுவருவதுதான் முறை.

"அவரை வரச் சொல்லு. பக்கத்துல வந்து நிக்கட்டும்."

ரோஸலின் கதவை நோக்கி நடந்தாள். சிந்துஜா கண்ணைத் திறந்து அவள் முதுகையே பார்த்தாள். அவள் உதடு பிரிந்தது. சத்தம் வரவில்லை.

*

பூபேஷ் உள்ளே வந்தான். கையைச் சுத்தப்படுத்தும் திரவத்தைக் கேட்டு வாங்கித் தேய்த்துக்கொண்டான். நாற்காலிக்குப் பின்னால் நின்று, சிந்துஜாவின் தோளில் கைவைத்தான்.

"நான் இங்கதான் இருக்கேன், பாப்பா."

கருவி அலறியது.

முறுக்கின் இதயக்கோடு திரையில் கிழிந்த துணியின் விளிம்புபோல ஆகிவிட்டது. ரோஸலின் ஓடிவந்து ஊசியை ஏற்றினாள். "மேடம், கழட்டிரலாமா? இவங்களுக்கும் ஏறுது."

கழற்றினால் நாய் பிழைக்காது. கழற்றாவிட்டால் இருவருக்கும் ஆபத்து. "கொஞ்சம் பொறு," என்றாள் இளவேனி. எத்தனையோ நாய்களை இந்தக் கட்டிலில் பறிகொடுத்திருக்கிறாள். ஆனால் இப்போது நெஞ்சைக் கவ்விய பயம் வேறு. தான் செய்த ஏதோ ஒன்றுதான் இதை இப்படிச் செய்கிறது, அது என்னவென்று தெரியவில்லை என்ற பயம்.

"பாப்பா," என்றான் பூபேஷ். குனிந்து, அவள் காதருகே, ஆனால் மற்றவர்களுக்கும் கேட்கும்படியாக. "உன்னாலதான் அது இப்படிக் கஷ்டப்படுது. மனசைத் திடமா வெச்சுக்கத் தெரியலையே உனக்கு. அது செத்துப்போச்சுன்னா அப்புறம் நீதானே அழுவ?"

அவன் கட்டைவிரல் அவள் தோள் எலும்பை மெதுவாக, ஒரே சீராக அழுத்திக்கொண்டிருந்தது.

"போதுங்க டாக்டர்," என்று நிமிர்ந்தான். கண்ணில் நிஜமாகவே ஈரம் இருந்தது. "இனி கஷ்டப்படுத்த வேண்டாம். லைசென்ஸ் என் பேர்லதான் இருக்கு. ஒரு ஊசி போட்டு விட்டுருங்க. நாங்க வீட்டுக்குப் போயிடறோம்."

வீட்டுக்கு என்ற சொல் வந்த இடத்தில் கனமான தட்டல் துள்ளியது. இளவேனி அதைக் கேட்டாள். முதலில் துள்ளியது கனமானது. அதற்குப் பிறகுதான், அரை நொடி தள்ளி, மெல்லியது.

அவள் திரையைப் பார்த்தாள். இதயக்கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு ஓடும். நாயின் மூளையலை. அறுவைசிகிச்சை முடிந்து நேராக வரும் நாய்க்கு அதை யாரும் பார்ப்பதில்லை, பார்க்க ஒன்றும் இருக்காது. இப்போது பார்த்தாள். அகலமான, சோம்பலான அலைகள். ஆழ்ந்த மயக்கம். முறுக்கு எதையும் கேட்கவில்லை, எதையும் முகரவில்லை. யாரையும் தேடவில்லை. அந்த உடம்புக்குள் பயப்படுவதற்கு யாரும் விழித்தே இருக்கவில்லை.

இளவேனி திரையிலிருந்து கண்ணை எடுத்து, பூபேஷின் கையைப் பார்த்தாள்.

பச்சை விளக்கு. அவன் கையை நீட்டியதும் அத்தனை மெதுவாக இறங்கிய நாடி. இமைக்காத கண். கருவிக்கு ஒன்றுதான் தெரியும்: நாடி இறங்கினால் நிம்மதி. ஆனால் பூனை கவ்விய முயலுக்கும் நாடி இறங்கும். அசைந்தால் செத்தோம் என்று தெரிந்த பிராணி கல்லாகிக் கிடக்கும். இதைக் கல்லூரியில் முதல் வருடத்திலேயே படித்திருக்கிறாள். துணைநாடி வந்த பிறகு அதை நினைத்துப் பார்க்கக்கூட அவசியம் வந்ததில்லை.

முறிந்த முன்னங்கால். தானாகக் கூடிய விலா எலும்பு. மாடிப்படி.

*நாய்கூட ஒரு ஆள் தங்கலாங்களா?*

"டாக்டர்? கேக்குதுங்களா? ஊசி போட்டுருங்க."

"இணைப்பு இருக்கும்போது முடியாதுங்க," என்றாள் இளவேனி. தன் குரல் எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல இருந்தது.

"அப்ப கழட்டுங்க."

"அதை அவங்கதான் சொல்லணும்."

"சொல்லு, பாப்பா." கை தோளிலிருந்து கழுத்துப் பக்கம் நகர்ந்தது, தலைமுடியை ஒதுக்கிவிடுவதுபோல. "கழட்டச் சொல்லு. போலாம்."

ரோஸலின் இளவேனியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவன் கையைப் பார்த்தாள். பிறகு சிந்துஜாவின் புடவை முந்தானை நழுவிய இடத்தில், கழுத்தெலும்புக்குக் கீழே தெரிந்த மஞ்சள் பாரித்த பழைய கன்றலைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் மெதுவாக நடந்து, கதவைத் திறந்து, அது தானாக மூடிக்கொள்ளாதபடி முதுகைக் கொடுத்து நின்றாள். காவலாளியை வரச்சொல்லும் பொத்தான் அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் அழுத்த முடியாது. துணை சொல்லாமல் முடியாது.

இளவேனி நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். இப்போது சிந்துஜாவின் கண்ணுக்கும் அவள் கண்ணுக்கும் நடுவே யாருமில்லை.

"சிந்துஜா, இவ்வளவு நேரமா நான் உங்ககிட்டத் தப்பாச் சொல்லிட்டு இருந்திருக்கேன். இது முறுக்கோட பயம் இல்ல. முறுக்கு தூங்குது. அதுக்கு இப்ப ஒரு பயமும் கெடையாது."

சிந்துஜா அவளையே பார்த்தாள்.

"இது உங்க பயம்."

"என்ன டாக்டர் பேசறீங்க?" பூபேஷின் குரலில் முதன்முறையாக ஒரு கீறல் விழுந்தது. "நாய்க்கு வைத்தியம் பாக்கச் சொன்னா..."

"உங்க பயம்தான் அதுக்குப் போயிட்டு இருக்கு. இது உங்க குத்தம்னு நான் சொல்லல. ஒரு சொட்டுகூட உங்க குத்தம் இல்ல. நீங்க எவ்வளவு நாளா இதைத் தனியா சுமந்தீங்களோ, இப்ப அதுவும் கூடச் சுமக்குது, அவ்வளவுதான்."

தட்டல்கள் அறையை நிரப்பின. இரண்டு பேர் படியில் தலைதெறிக்க ஓடினார்கள்.

எடுத்துக் கொடுக்கக் கூடாது. அது விதி. அந்த விதியை எழுதியவர்களில் இளவேனியும் ஒருத்தி. அவள் சொற்களைத் தேர்ந்தெடுத்தாள்.

"ஆறு மாசத்துக்கு முன்னாடி நீங்க என்கிட்ட ஒண்ணு கேட்டீங்க. நான் சிரிச்சுட்டேன். இன்னைக்குச் சிரிக்க மாட்டேன்."

சிந்துஜாவின் உதடு அசைந்தது.

"என்ன, பாப்பா?" பூபேஷ் குனிந்தான். அவள் பேசினால் தன் காதில் முதலில் விழவேண்டும் என்பதுபோல. "என்ன கேட்ட? என்கிட்டச் சொல்லு. வீட்ல போய்ப் பேசிக்கலாம். இவங்க முன்னாடி எதுக்கு?"

அவள் திரும்பி அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் முறுக்கைப் பார்த்தாள். குழாய் வழியே ஏறி இறங்கும் அதன் நெஞ்சை, மழித்த வயிற்றில் இருந்த தையலை, மயக்கத்திலும் நிமிராமல் சுருண்டே கிடந்த வாலை. காலையில், சமையலறையில், அவள் கீழே கிடந்தபோது அவளுக்கும் அவன் காலுக்கும் நடுவே வந்து நின்ற உடம்பு அது. ஓடிப்போக எல்லாக் கதவும் திறந்திருந்தும் ஓடாமல் நின்ற உடம்பு.

"டாக்டர்," என்றாள். தூசி படிந்த குரல். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி, "டாக்டர்" என்றாள்.

"சொல்லுங்க. இங்கதான் இருக்கேன்."

"பாப்பா, வேண்டாம்."

"நாய்கூட ஒரு ஆள் தங்குற மாதிரி எடம் வேணும்னு கேட்டனுங்க."

கனமான தட்டல் ஒருமுறை பலமாக அடித்தது. பிறகு, பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டதுபோல, இறங்கத் தொடங்கியது. மெல்லிய தட்டல் தயங்கியது. ஒன்றை விட்டது. காத்திருந்தது. கனமானதன்மேல் வந்து விழுந்தது.

கதவருகே ரோஸலின் பொத்தானின்மேல் விரலை வைத்தாள்.

சிந்துஜா நாயின் காதிலிருந்து கையை எடுத்து, தன் தோளில் இருந்த கையின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். இந்த முறை அவள் சத்தமாகவே பேசினாள்.

"அந்த ஆள் நான்தானுங்க. இவரை வெளிய போகச் சொல்லுங்க. இவருகூட என்னைய வீட்டுக்கு அனுப்பீராதீங்க."